பாஸ்டரம்மாவும் அன்னம் பதித்த வெண்ணெயும்

போன வாரம் எங்கள் மாவட்டத்துக் கவுண்டிப் பத்திரிகையில் லொவைனா ஸ்ப்ரேக் இறந்துபோனதாக மூன்று வரி வந்திருந்தது. முன்னாள் பாஸ்டரின் மனைவி, ஹார்லோ முனை மக்கள் அனைவரின் அன்பையும் பெற்றவர், மிச்சிகனில் காலமானார் என்று போட்டிருந்தார்கள். காலமானது உண்மை. மிச்சிகனும் உண்மை. நடு வரியைப் படித்ததும் வாயில் இருந்த காபி கசந்துவிட்டது.

ஹார்லோ முனைச் செய்திகளை அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவன் நான். யார் வீட்டுக் களஞ்சியம் சரிந்தது, யாருடைய பன்றி எவ்வளவு கொழுத்தது, யார் மகளை யார் இரண்டு ஞாயிறு தொடர்ந்து வீட்டில் கொண்டுவந்து விட்டார் என்பதெல்லாம் என் பேனா வழியாகத்தான் போகும். குதிரைச் சேணம் தைப்பவனின் கடைக்கு எல்லாரும் வந்துதான் ஆக வேண்டும், வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அந்த மூன்று வரி என்னுடையது இல்லை. சர்ச்சு நிர்வாகத்தைப் பார்க்கிற டீக்கன் அசாஹெல் கிரான்டல் தானே எழுதிக் கொடுத்தது. அந்தக் கையால் அன்பு என்று எழுதியிருக்கிறார் என்றால் பேனாவுக்குத்தான் கூச வேண்டும்.

லொவைனா கால்வாய் மதகுக்காரரின் மகள். படகுக்காரர்கள் போகிற வருகிற இடத்தில் வளர்ந்ததால் அவள் குரல் அக்கரைக்குக் கேட்கும். விறகு பிளப்பாள். துணி காயப்போடும்போது சீட்டியடிப்பாள். அவளுக்கு வாய்த்த லூத்தர் ஸ்ப்ரேக்கோ வெதுவெதுப்பான தண்ணீர் மாதிரி மனிதர். யாரையும் சுடமாட்டார், யாருக்கும் தாகம் தீராது. எங்கள் ஊருக்குப் பாஸ்டராக அவர் வந்த அன்று வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். அவர் பின்னால் புத்தகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளுக்கு நடுவே நாலாவது பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

டீக்கனின் மனைவி ஹல்டா கிரான்டல் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "சீட்டியடிக்கிற பொம்பளை கையில பாஸ்டர் வீட்டைக் கொடுத்திருக்கோம். உருப்பட்ட மாதிரிதான்."

இனி காணிக்கை விருந்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து சர்ச்சுகளில் பாஸ்டருக்குப் பேசின சம்பளத்தை முழுசாகக் கையில் கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜனவரி மாதம் ஒரு நாள் சபையே திரண்டு அவர் வீட்டுக்குப் போகும். ஆளுக்கொரு சாமான் கொண்டுபோகும். டீக்கன் அவற்றுக்கு விலை போடுவார். அந்தத் தொகை சம்பளத்தில் கழியும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நடப்பது வேறு. வீட்டில் எது விற்காதோ, எதைப் பன்றியும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுமோ, அதுதான் பாஸ்டருக்குப் போகும். புழுத்த ஆப்பிள் வற்றல், கல்லும் எலிப்புழுக்கையும் கலந்த பீன்ஸ், ஓரம் மஞ்சளித்துப்போன உப்புப் பன்றிக்கறி. இதையெல்லாம் முன்னறை மேசையில் கண்காட்சி மாதிரி அடுக்குவார்கள். அதை யாரும் தொடுவதில்லை. பெண்கள் நேராகப் பாஸ்டர் வீட்டுச் சாமான் அறைக்குள் நுழைந்து, அவர்களுடைய மாவையும் கறியையும் எடுத்துச் சமைப்பார்கள். சபை தின்னும். வெளியே சபையின் குதிரைகள் பாஸ்டருடைய வைக்கோலைத் தின்னும். ஆண்கள் புகையிலையை மென்று அடுப்பின் மேல் துப்புவார்கள், அது சுர்ரென்று பொரியும், அதற்கு ஒரு சிரிப்பு. பிறகு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

லொவைனாவின் முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரே ராத்திரியில் கோதுமை மாவு தீர்ந்தது, பன்றித்தொடை எலும்பாயிற்று, குழந்தைகளின் கட்டிலில் மூன்று தடித்த பெண்கள் உட்கார்ந்து சட்டத்தை முறித்தார்கள். அதற்கப்புறம் பனி உருகும் வரை அந்தப் பிள்ளைகள் சோளக்கூழும் பீன்ஸ் தண்ணீரும்தான் குடித்தன. மார்ச்சில் நடு மகள் ஆர்ஃபாவுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. செருப்பைத் தைக்கக் கொண்டுவந்தபோது அவள் என் கடையில் இருந்த காய்ந்த ரொட்டித் துண்டைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அன்றைக்கும் டீக்கன் பக்கத்தில் நின்றுகொண்டு, பாஸ்டர் பிள்ளைகள் என்ன ஒல்லியாக இருக்கின்றன, புத்தகம் படிக்கிற குடும்பம் இல்லையா என்றார்.

அடுத்த டிசம்பரில் ஒஹையோவிலிருந்து லொவைனாவின் அண்ணன் ஒரு பீப்பாய் கோதுமை மாவும், புகைபோட்ட பன்றித்தொடை இரண்டும் ரயிலில் அனுப்பிவைத்தார். ஸ்டேஷனில் அது இறங்கின மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜனவரி நெருங்க நெருங்க, என் கடையில் பேச்சு அந்தப் பீப்பாயைத்தான் சுற்றியது. "இந்த வருஷம் விருந்து நல்லா இருக்கும்" என்று சபைக்காரர் டாபின்ஸ் சொன்னார், நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே.

விருந்துக்குச் சில நாள் முன்னால் லொவைனா ஒரு சேணத்தைக் கொண்டுவந்து என் மேசை மேல் போட்டாள். அதில் தைக்க ஒன்றும் இல்லை.

"ஓரின், நாளைக்கு பெக் பண்ணையில ஏலம். ஊர்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, இல்லையா?"

"நொண்டி கூட அங்கதான் இருப்பான், பாஸ்டரம்மா."

"நீ போகலையே?"

"போறதாத்தான் இருந்தேன். ஒரு ஏர்க்கலப்பை வாங்கணும்."

"அடுத்த ஏலத்துல வாங்கிக்கோ. உன் பனிச்சறுக்கு வண்டி வேணும், உன் முதுகும் வேணும். அந்த மாவு மே மாசம் வரைக்கும் என் பிள்ளைங்க வயித்துக்குப் போகணும். இந்த வருஷம் ஒரு கைப்பிடி கூட அந்தக் கூட்டத்து வாய்க்குப் போகக் கூடாது."

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

எங்கே ஒளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏற்கனவே யோசித்து முடித்துவிட்டாள். எங்கள் சர்ச்சில் பிரசங்க மேடை பெட்டி மாதிரி உள்ளே வெற்றிடம். பின்பக்கம் ஒரு குட்டிக் கதவு உண்டு, மெழுகுவத்தி வைக்கிற இடம். மறுநாள் நடுப்பகலில் நானும் அவளுமாகப் பீப்பாயை உருட்டி அதற்குள் தள்ளினோம். பன்றித்தொடைகளை மேலே ஆணியில் மாட்டினோம். தேன் ஜாடி, நல்ல வெண்ணெய், தேயிலை எல்லாம் போயிற்று. அவள் கதவைச் சாத்திவிட்டு, கையைத் தட்டி மாவை உதறினாள்.

"வார நாள்ல இந்தப் பக்கம் எட்டிப் பாக்கிற ஆள் இந்தச் சபையில கிடையாது" என்றாள்.

காணிக்கை விருந்தன்று சாயங்காலம் நான் ஒரு ஜோடி தோல் கையுறை கொண்டுபோனேன். அதைச் சமைக்க முடியாது என்பது என் அதிர்ஷ்டம், பிறகு புரியும்.

முன்னறை மேசை நிரம்பி வழிந்தது. டாபின்ஸ் வீட்டு ஆப்பிள் வற்றல் ஒரு மூட்டை, மூலையில் நீலத் துணி ஒட்டுப்போட்டது. ஒட்டுப்போட்ட இடத்தில் ஏதோ நெளிந்தது. நடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஹல்டாவின் வெண்ணெய்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மர அச்சு உண்டு. வெண்ணெய் உருண்டையின் தலையில் அழுத்தினால் அந்த வீட்டு அடையாளம் பதியும். ஒரு வீட்டுக்குக் கதிர்க்கட்டு, ஒரு வீட்டுக்கு ஓக் மரத்துக் காய். கிரான்டல் வீட்டுக்கு அன்னம். கழுத்தை வளைத்துக்கொண்டு திமிராக மிதக்கிற அன்னம், ஹல்டாவையே பார்த்துச் செதுக்கின மாதிரி. ஊர்க் கடைக்காரர் அதை எடை போட்டு வாங்குவாரே ஒழிய, டீக்கன் வீட்டு வெண்ணெயில் கத்தி வைத்துப் பார்க்க அவருக்கு இரண்டு உயிரா இருக்கிறது?

டீக்கன் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக விலை போட்டார். புழுத்த வற்றலுக்கு நல்ல வற்றலின் விலை. கல் பீன்ஸுக்கு நல்ல பீன்ஸின் விலை. அன்னத்தின் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது முதல் தரம். இதுக்குக் கொஞ்சம் கூடவே போடணும்." லூத்தர் தலையாட்டி நன்றி சொன்னார்.

இந்தப் பக்கம் ஹல்டா மேலங்கியைக் கழற்றி, கையை மடித்து விட்டுக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். போன வேகத்திலேயே திரும்பினாள்.

"லொவைனா, மாவுப் பீப்பாய் எங்க?"

"பத்திரமா இருக்கு. இந்த வீட்ல இல்லை."

"இல்லைன்னா? ஸ்டேஷன்ல இறங்கினதை ஊரே பாத்துச்சே."

"ஊரே பாத்ததாலதான் இந்த வீட்ல இல்லை."

ஹல்டாவின் மூக்கு நுனி சிவந்தது. "கூடத்துல இத்தனை பேர் பசியோட உக்காந்திருக்காங்க. எதை வச்சுச் சமைக்கிறது?"

"மேசை நிறைய இருக்கே, சிஸ்டர். இப்பதானே டீக்கன் எல்லாம் நல்ல சரக்குன்னு விலை போட்டாரு."

"அது உங்களுக்குக் கொண்டு வந்தது."

"என் பிள்ளைங்க வாய்க்கு நல்லதுன்னா உங்க வாய்க்கும் நல்லதுதானே. வாங்க, நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் யாராவது ஒருத்தி, நாங்கள் கொண்டுவந்தது தின்னத் தகாதது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாசலில் நின்று நான் அவர்கள் முகங்களை எண்ணெய்ப் பலகாரம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமைத்தார்கள். ஆப்பிள் வற்றல் மேல் மிஸஸ் டாபின்ஸ் வெந்நீரை ஊற்றினாள். மிதக்க வேண்டியதெல்லாம் மிதந்தது. அகப்பையால் எடுத்து எடுத்து வெளியே கொட்டினாள், அது தீரவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "பட்டைத்தூள் கொஞ்சம் தூக்கலாப் போடு" என்றாள். பன்றிக்கறி வாணலியில் விழுந்ததும் எழுந்த நாற்றத்தில் வாசலில் கட்டியிருந்த நாய் எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது. நல்ல நாய். சபையில் அதற்கு மட்டும்தான் மனசாட்சி இருந்தது.

சாப்பாடு மேசைக்கு வந்தது. லூத்தர் கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். "கர்த்தாவே, இதைக் கொடுத்த கைகளுக்கே இது பல மடங்காய்த் திரும்பட்டும்" என்றார், பாவம், ஒரு விஷமமும் தெரியாமல். எனக்கு இருமல் வந்துவிட்டது.

லொவைனா அன்னம் பதித்த வெண்ணெயைக் கொண்டுவந்து டீக்கனுக்கு முன்னால் வைத்தாள். ஹல்டா சட்டென்று, "டாபின்ஸ் வீட்டு வெண்ணெயை முதல்ல எடுக்கலாமே" என்றாள்.

"ஏன், உங்க வெண்ணெய்க்கு என்ன?" என்று கேட்டாள் மிஸஸ் டாபின்ஸ். தன் வற்றலைப் பார்த்து ஹல்டா முகத்தைச் சுளித்ததை அவள் மறந்திருக்கவில்லை.

"அதுக்கு என்ன? முதல் தரமாச்சே" என்றேன் நான். "டீக்கனே சொன்னாரு. அவர் கையாலயே வெட்டட்டும்."

டீக்கன் அன்னத்தின் கழுத்தில் கத்தியை வைத்தார். மேலே விரல் கனத்துக்குக் கேரட் சாறு கலந்த மஞ்சள், புது வெண்ணெய். அதற்குள்ளே கோடையிலிருந்து மீந்துபோன பழைய வெண்ணெயை உருட்டி வைத்து, மேலே புதுசைப் பூசி, அச்சை அழுத்தியிருக்கிறாள். உள்ளே வெள்ளையும் சாம்பலுமாக வரி வரியாக ஓடியது. கத்தியோடு ஒரு நீள மயிர் எழுந்து வந்தது. மாட்டுடையதா ஹல்டாவுடையதா என்று சொல்ல முடியாது, அந்த வீட்டில் இரண்டும் ஒரே நிறம். வாடை மேசையின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. நனைந்த காலுறையை அடுப்பில் காயவைத்தால் வருமே, அந்த வாடை.

டீக்கன் மயிரைத் தொடையில் துடைத்துவிட்டு, ரொட்டியில் தடவிக் கடித்தார். என்ன செய்வார், சற்று முன்னால்தான் விலை போட்டிருக்கிறார். தொண்டைக் குமிழ் மேலே போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, பிறகு இறங்கிற்று. தட்டு கை மாறி மாறி வந்தது. எல்லாரும் எடுத்தார்கள். எடுக்காவிட்டால் ஹல்டாவுக்குப் பகை, முகம் சுளித்தால் அடுத்துத் தன் சாமானைப் பற்றிப் பேச்சு வரும். சபை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு, பீன்ஸில் கல்லைக் கடித்து, கறியை மெல்லாமல் விழுங்கி, புழுவைப் பட்டைத்தூளோடு தின்றது. ஒரு ஆள் துப்பவில்லை. இது என்னவென்று தெரிந்துதானே போன வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிள்ளைகள் மூன்றும் முன்னாடியே ரொட்டியும் பாலும் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஆர்ஃபா மட்டும் கேட்டாள், "அம்மா, அவங்க ஏன் அழுவுற மாதிரி சாப்பிடுறாங்க?"

"ருசியில கண்ணு கலங்குது கண்ணு" என்றாள் லொவைனா. பிறகு டீக்கன் பக்கம் குனிந்தாள். "இன்னும் ஒரு துண்டு அன்னம் வைக்கட்டுமா?"

"போதும்மா. டாக்டர் வெண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்?" என்று நான் கேட்டேன். டீக்கன் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

கிளம்பும்போது லொவைனா வாசலில் நின்று டீக்கனைக் கேட்டாள். "கொண்டு வந்ததுல பாதிக்கு மேல நீங்களே சாப்பிட்டாச்சு. அதையும் சம்பளத்துல கழிப்பீங்களா?"

"கொடுத்தது கொடுத்ததுதான் பாஸ்டரம்மா. அப்புறம் அது யார் வயித்துக்குப் போச்சுன்னு பாக்குறது என் வேலை இல்லை." தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். முழுத் தொகையும் கழிந்தது. அந்த மனிதர் தின்ற புழுவுக்கும் பாஸ்டர்தான் காசு கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அடுப்பு மூட்டியதும் பிரசங்க மேடைக்குள் தொங்கின பன்றித்தொடை லேசாக மணக்கத் தொடங்கியது. லூத்தர் உபவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் டீக்கன் மூக்கை விடைத்து விடைத்துப் பார்த்தார், அழுகையை அடக்குகிற மாதிரி எச்சில் விழுங்கினார். பிரசங்கம் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று லூத்தர் சந்தோஷப்பட்டார். திங்கட்கிழமை எல்லாச் சாமானையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

நான் வழக்கம் போலச் செய்தி எழுதினேன். காணிக்கை விருந்து இனிதே நடந்தது, சபையார் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே ருசித்து மகிழ்ந்தனர், மிஸஸ் கிரான்டலின் அன்னம் பதித்த வெண்ணெயை உண்டவர்கள் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள், இந்தக் கவுண்டியில் அதைப் போல் இன்னொன்று கிடையாது என்று போட்டேன். ஒரு எழுத்து பொய் இல்லை. ஹல்டா அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அதைப் படித்துவிட்டு கவுண்டித் தலைநகர ஹோட்டல்காரர் ஒரு தொட்டி அன்ன வெண்ணெய்க்கு ஆர்டர் கொடுத்தார். அவர் கடைக்காரர் இல்லை, வெட்டிப் பார்க்கிறவர். அடுத்த வாரமே தொட்டி மூடியில் ஆணி அடித்துத் திரும்பி வந்து, ஸ்டேஷனுக்குள் அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்தது. ஹல்டா ஆள் அனுப்பி எடுக்கும் வரைக்கும் ரயிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

விருந்தில் வாயை மூடிக்கொண்டிருந்த ஊர் அப்போதுதான் சிரித்தது. சிரித்துவிட்டு, சிரிக்க வைத்தவள் மேல் பழியைப் போட்டது. சபையின் சமாதானம் கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வசந்தத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி லூத்தரிடம் சொன்னார்கள். டாபின்ஸும் கை தூக்கினார். காணிக்கை விருந்தில் அவரோடு தின்ற ஒருத்தரும் கையைக் கீழே வைத்திருக்கவில்லை.

மே மாதம் வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் உதவிக்குப் போனேன். ஆர்ஃபா ஒரு ரொட்டியை நேராகப் பல்லால் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள், ஈறு சிவப்பாக, கெட்டியாக இருந்தது. காலியான மாவுப் பீப்பாயை லொவைனா தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள்.

"கடைசி மாவு நேத்து தீந்துச்சு, ஓரின். கணக்கு சரியா வந்துடுச்சு."

"வீடு போச்சே பாஸ்டரம்மா."

"வீடு அவங்களுது. பல்லு என் பொண்ணோடது." கடிவாளத்தைக் கையில் எடுத்தாள். சீட்டியடித்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. மிச்சிகனில் மரம் வெட்டுகிறவர்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்தினாளாம். அங்கே ஒருத்தரும் பசியோடு எழுந்ததில்லை என்று அந்தப் பக்கம் போய்வந்தவர் சொன்னார்.

அவர்கள் போன மறுநாள் ஹல்டா பாஸ்டர் வீட்டு நிலவறையைச் சோதனை போட்டாள். மீந்து கிடந்த ஆப்பிள் வற்றல் மூட்டையைப் பார்த்து, "நல்ல பொருளை வீணடிச்சிட்டுப் போயிருக்கா" என்று சொல்லி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஜனவரியில் புதுப் பாஸ்டருக்குக் காணிக்கை விருந்து. சின்ன வயசு மனைவி, கைக்குழந்தை. முன்னறை மேசையில், நீல ஒட்டுப்போட்ட அதே மூட்டை, இந்தத் தடவை கிரான்டல் குடும்பத்தின் அன்பளிப்பாக உட்கார்ந்திருந்தது. டீக்கன் அதற்கு விலை போட்டார், நல்ல வற்றலின் விலை. மிஸஸ் டாபின்ஸ் தன் பழைய மூட்டையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சின்னப் பெண் கையைக் கூப்பாத குறையாக எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் மாவுப் பீப்பாயின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

நான் கையுறையை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாஸ்டரம்மா, இந்த வருஷம் போனது போகட்டும். நம்ம பிரசங்க மேடைக்குப் பின்னால ஒரு குட்டிக் கதவு இருக்கு, பாத்திருக்கீங்களா?"